இரண்டு வருடம் கழித்துக் கேட்ட கேள்வி

உலகத்தின் மிகப் பெரிய கம்பெனிகளில் ஒன்றைப் பார்த்து, "இதை நீங்கள் வாங்கக் கூடாது" என்று ஒரு நாட்டின் அரசு அமைப்பு சொல்ல முடியுமா? முடியும். 2023 ஏப்ரல் 26 அன்று பிரிட்டனின் போட்டி ஆணையம் மைக்ரோசாஃப்டிடம் அதைத்தான் சொன்னது. ஆக்டிவிஷன் பிளிஸார்ட் என்ற வீடியோ கேம் கம்பெனியை 6,870 கோடி டாலருக்கு வாங்க மைக்ரோசாஃப்ட் பேசி முடித்திருந்தது. கிளவுட் வழியாக கேம் விளையாடும் சந்தை இப்போதுதான் முளைவிடுகிறது, அது மொத்தமும் ஒரே கைக்குப் போய்விடும் என்று காரணம் சொல்லித் தடுத்தார்கள். மைக்ரோசாஃப்ட் தலைவர் பிராட் ஸ்மித், இது பிரிட்டனுக்கே நல்லதல்ல என்று பொரிந்து தள்ளினார். கடைசியில் இறங்கி வந்தது மைக்ரோசாஃப்ட்தான். கிளவுட் உரிமைகளை யூபிசாஃப்டுக்குக் கொடுத்துவிட்டு, அக்டோபரில்தான் ஒப்புதல் வாங்க முடிந்தது.

அதற்கு முன்னால் சிப் கம்பெனியான குவால்காம், இன்னொரு சிப் கம்பெனியான என்.எக்ஸ்.பி.யை 4,400 கோடி டாலருக்கு வாங்கப் போனது. ஒன்பது இடங்களில் அனுமதி தேவைப்பட்டது. எட்டில் கிடைத்துவிட்டது. சீனா மட்டும் பதிலே சொல்லவில்லை. 2018-இல் கெடு முடிந்த இரவில் குவால்காம் 200 கோடி டாலர் இழப்பீடு கொடுத்துவிட்டு விலகிக்கொண்டது. இரண்டுமே அமெரிக்கக் கம்பெனிகளாக இருந்தும் ஜி.இ.யும் ஹனிவெல்லும் ஒன்றாகக் கூடாது என்று 2001-இல் ஐரோப்பா தடுத்த கதையும் உண்டு.

இதையெல்லாம் படிக்கும் நண்பர்கள், "நம்ம ஊர்ல இந்த மாதிரி நடக்குமா சார்?" என்று கேட்கிறார்கள். தில்லியில் இருப்பவன், செய்திகளைப் பின்தொடர்பவன் என்பதால் என்னிடம் கேட்கிறார்கள். கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல ஆசை.

நம்முடைய போட்டி ஆணையம் கிழக்கு கிட்வாய் நகரில், ரிங் ரோட்டை ஒட்டிய புதிய அலுவலகக் கட்டடங்களில் ஒன்றில் இருக்கிறது. முருங்கைக்காயும் வாழைப்பூவும் வாங்க தில்லித் தமிழர்கள் போகும் ஐ.என்.ஏ. மார்க்கெட் அங்கிருந்து நடக்கும் தூரம்தான். போட்டிச் சட்டம் 2002-இல் வந்தது. கம்பெனி இணைப்புகளை ஆராயும் பிரிவுகள் நடைமுறைக்கு வந்தது 2011 ஜூன் 1 முதல். அன்றிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட இணைப்புகள் அந்த மேசைக்கு வந்து போயிருக்கின்றன. ஒன்றைக்கூட ஆணையம் நேரடியாக "கூடாது" என்று தடுத்ததில்லை. நிபந்தனை போட்டிருக்கிறது, சில கிளைகளை விற்கச் சொல்லியிருக்கிறது, கம்பெனிகள் தாங்களே விலகிக்கொண்டதும் உண்டு. மறுப்பு மட்டும் இல்லை.

மறுப்புக்கு மிக அருகில் வந்தது 2021 டிசம்பர் 17 அன்று. இரண்டு வருடத்துக்கு முன்னால் அமேசானுக்குத் தானே கொடுத்த ஒப்புதலை ஆணையம் நிறுத்திவைத்தது. 202 கோடி ரூபாய் அபராதமும் போட்டது. இந்தியாவில் அதுவரை யாரும் பார்க்காத உத்தரவு. 57 பக்கம். நம் நாட்டில் இந்தக் காவல் எங்கே நன்றாக இருக்கிறது, எங்கே ஓட்டை என்று புரிந்துகொள்ள அந்த ஒரு வழக்கு போதும் என்பது என் கருத்து.

நடந்தது இதுதான். பிக் பஜார் கடைகளை நடத்தியது கிஷோர் பியானியின் ஃபியூச்சர் ரீடெய்ல். நாடு முழுக்க ஆயிரத்தைந்நூறு கடைகளுக்கு மேல். தில்லியில் குடும்பம் நடத்தியவர்களுக்கு அதைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. புதன்கிழமை மலிவு விலை, ஜனவரி 26-ஐ ஒட்டி வரும் பெரிய தள்ளுபடி, பழைய பேப்பரையும் துணிமணியையும் எடைக்குப் போட்டு கூப்பன் வாங்கி அந்தக் கூப்பனில் குக்கரோ தோசைக்கல்லோ வாங்குவது என்று நம் வீடுகளில் அது ஒரு பழக்கமாகவே இருந்தது. அந்தக் கடைகள் மீது அமேசானுக்குக் கண். ஆனால் பல பிராண்டுகளை விற்கும் கடைகளில் அந்நிய முதலீட்டுக்கு இந்தியாவில் கடுமையான கட்டுப்பாடு. 2018 டிசம்பர் கடைசியில் ஆன்லைன் விற்பனைத் தளங்களுக்கான விதிகளையும் அரசு இறுக்கியது. நேராக வாசல் வழியாக உள்ளே வர முடியாது.

அதனால் 2019 ஆகஸ்டில் அமேசான் வேறு கதவைத் தட்டியது. ஃபியூச்சர் கூப்பன்ஸ் என்று பியானி குழுமத்தின் சின்னக் கம்பெனி ஒன்று. பரிசுக் கூப்பன், வாடிக்கையாளர் கார்டு இவைதான் அதன் தொழில். அதில் 49 சதவீதத்தை ஏறக்குறைய 1,430 கோடி ரூபாய்க்கு வாங்குவதாக ஒப்பந்தம். ஃபியூச்சர் கூப்பன்ஸின் கையில் ஃபியூச்சர் ரீடெய்லின் 9.82 சதவீதப் பங்கு. அதோடு சேர்த்து, பிக் பஜார் கடைகளைக் குறிப்பிட்ட சிலருக்கு விற்கவே கூடாது என்று ஒரு பட்டியல். அதில் முகேஷ் அம்பானியின் ரிலையன்ஸ் குழுமம் இருந்தது. கூப்பன் கம்பெனியில் பணம் போட்டவருக்கு, கடைகளை யாருக்கு விற்கலாம் யாருக்கு விற்கக் கூடாது என்று சொல்லும் அதிகாரம் வந்துவிட்டது.

இதற்குத்தான் 2019 நவம்பர் 28 அன்று ஆணையம் ஒப்புதல் கொடுத்தது.

பிறகு கொரோனா வந்தது. ஊரடங்கில் கடைகள் மூடின, கடன் கழுத்தை நெரித்தது. 2020 ஆகஸ்ட் 29 அன்று பியானி தன் சில்லறை வணிகத்தை ரிலையன்ஸுக்கு 24,713 கோடி ரூபாய்க்குக் கொடுப்பதாக அறிவித்தார். அமேசான் சிங்கப்பூர் நடுவர் மையத்துக்குப் போய் அக்டோபரில் தடை வாங்கியது. தில்லி உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் என்று வழக்கு ஏறி இறங்கியது. 2021 ஆகஸ்ட் 6 அன்று, சிங்கப்பூர் அவசர நடுவரின் உத்தரவு இந்தியாவில் செல்லும் என்று உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. அமேசான் ஜெயித்துவிட்டது போலத்தான் இருந்தது.

அந்த நேரத்தில் ஃபியூச்சர் கூப்பன்ஸ் வேறொரு புகாரோடு கிட்வாய் நகரில் காத்திருந்தது. 2019-இல் அனுமதி கேட்டபோது அமேசான் தன் உண்மையான நோக்கத்தை மறைத்துவிட்டது என்பது புகார். வணிகர் சங்கங்களின் அகில இந்தியக் கூட்டமைப்பும் சேர்ந்துகொண்டது. தாமதம் வேண்டாம், இரண்டு வாரத்தில் முடிவெடுங்கள் என்று நவம்பரில் தில்லி உயர் நீதிமன்றம் ஆணையத்திடம் சொன்னது. ஆணையம் அமேசானின் உள் மின்னஞ்சல்களைப் பார்த்தது. கூப்பன் தொழில் நன்றாக வளரும் என்று விண்ணப்பத்தில் சொன்ன கம்பெனி, தனக்குள் எழுதிக்கொண்டபோது இந்தியச் சில்லறை வணிகத்தில் கால் பதிக்கும் வழியாகத்தான் இதைப் பேசியிருந்தது. ஒப்புதல் நிறுத்திவைக்கப்பட்டது. சந்தைப் பங்கு அதிகமாக உள்ள இணைப்புகளுக்கு வைத்திருக்கும் நீளமான இரண்டாம் படிவத்தில் 60 நாளுக்குள் புதிதாக விண்ணப்பியுங்கள் என்றது ஆணையம். நாங்கள் எல்லா ஒப்பந்தங்களையும் காட்டித்தான் அனுமதி வாங்கினோம், கொடுத்ததைத் திரும்பப் பிடுங்க உங்களுக்கு அதிகாரமே கிடையாது என்று அமேசான் வாதாடியது. 2022 ஜூன் 13 அன்று தேசிய கம்பெனிச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் ஆணையத்தின் பக்கமே நின்றது. அந்த அமர்வின் தலைவர், சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்த எம்.வேணுகோபால்.

பொய் சொல்லி வாங்கிய அனுமதி செல்லாது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. எவ்வளவு பெரிய கம்பெனியாக இருந்தாலும் படிவத்தில் உண்மை எழுத வேண்டும் என்று ஆணையம் நிலைநாட்டியதை மனதாரப் பாராட்டுகிறேன். என் வருத்தம் 2019 நவம்பரைப் பற்றியது.

பரிசுக் கூப்பன் விற்கும் கம்பெனியில் யாராவது 1,430 கோடி ரூபாய் போடுகிறார்கள் என்றால், ஏன் என்று அன்றைக்கே கேட்டிருக்க வேண்டாமா? அந்தக் கூப்பன் கம்பெனியின் பெட்டிக்குள் ஆயிரத்தைந்நூறு கடைகளின் பங்கு இருக்கிறது என்பது அன்றும் ஒளிவுமறைவில்லாத விஷயம். வீடு வாங்குகிறவர்கள் வில்லங்கச் சான்றிதழை எப்போது பார்ப்பார்கள்? பத்திரப் பதிவுக்கு முன்னால் பார்ப்பார்கள். குடியேறி இரண்டு வருடம் கழித்து, விற்றவரே வந்து புகார் கொடுத்த பிறகு பார்ப்பதில்லை. இங்கே நடந்தது கிட்டத்தட்ட அதுதான். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட ஃபியூச்சரே, தனக்கு வேறு வழியில்லாமல் போனபோது கொண்டுவந்த புகாரால்தான் ஆணையம் கண் விழித்தது. அந்தப் புகார் வந்திருக்காவிட்டால் அந்த மின்னஞ்சல்கள் யார் கண்ணிலும் பட்டிருக்காது.

இரண்டு வருடத் தாமதம் என்னவெல்லாம் செய்தது என்று பாருங்கள். ஆணையத்தின் உத்தரவைக் காட்டி 2022 ஜனவரி 5 அன்று தில்லி உயர் நீதிமன்றத்தில் சிங்கப்பூர் நடுவர் விசாரணைக்கு ஃபியூச்சர் இடைக்காலத் தடை வாங்கியது. பிப்ரவரி கடைசியில் ரிலையன்ஸ், இணைப்பு முடியும் வரை காத்திருக்காமல், பிக் பஜார் கடைகளை எடுத்துக்கொள்ள ஆரம்பித்தது. ஃபியூச்சரால் வாடகை கட்ட முடியாத கடைகளின் குத்தகையை ரிலையன்ஸ் ஏற்கெனவே தன் பெயருக்கு மாற்றி, ஃபியூச்சருக்கு உள்வாடகைக்கு விட்டிருந்தது. வாடகை வரவில்லை என்று அந்த உள்வாடகை ஒப்பந்தங்களை முடித்துக்கொண்டது. எண்ணூறுக்கும் மேற்பட்ட கடைகள் கை மாறின. அந்த வார இறுதியில் மாதச் சாமான் வாங்கப் பையோடு போனவர்கள், ஷட்டர் இறங்கிக் கிடப்பதைப் பார்த்துத் திரும்பினார்கள். ஊழியர்களுக்கு வேலை தருவோம் என்று ரிலையன்ஸ் சொன்னது. சரக்குக் கொடுத்துவிட்டுப் பணத்துக்குக் காத்திருந்த சின்ன உற்பத்தியாளர்களுக்கு யார் பதில் சொல்வது?

ஏப்ரலில் கடன் கொடுத்த வங்கிகள் 24,713 கோடி இணைப்பை ஏற்க மறுத்தன. ரிலையன்ஸ் விலகிக்கொண்டது. ஜூலையில் ஃபியூச்சர் ரீடெய்ல் திவால் நடவடிக்கைக்குள் போனது. 2024 ஜூலையில் தேசிய கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்தின் மும்பை அமர்வு அதைக் கலைக்க உத்தரவிட்டது. போட்டியைக் காப்பாற்றுவதற்காக ஏற்பட்ட சட்டம், அமேசானின் கையைச் சரியாகவே தட்டிவிட்டது. ஆனால் யாருடைய போட்டியைக் காப்பாற்ற வேண்டுமோ அந்தக் கடையே கடைசியில் மிஞ்சவில்லை. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று நம் ஊரில் சொல்வார்கள்.

ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் எனக்குப் பழக்கமான மளிகைக் கடைக்காரர் ஒருவர் இருக்கிறார். தென்காசிப் பக்கத்துக்காரர், அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன். அமேசானுக்கு அபராதம் என்று செய்தி வந்தபோது அவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். "நல்லதுதான் சார். பொய் சொன்னா தண்டனை வேணும். ஆனா அந்தக் கடைய கடைசியில அமேசான் எடுத்தா என்ன, அம்பானி எடுத்தா என்ன? அரிசி மூட்டைக்கு அவங்களுக்குக் கிடைக்கிற வெல எனக்குக் கிடைக்குமா?" என்றார். இந்தக் கேள்வியை ஆணையத்தில் யாராவது அண்ணாச்சியிடம் கேட்டார்களா என்றால், கேட்கவில்லை. கேட்க வேண்டிய கட்டாயம் சட்டத்தில் இல்லை.

எப்படி என்று சொல்கிறேன். ஓர் இணைப்பு வந்தால் முதல் கட்டத்தில் பெரும்பாலும் ஆணையமும் கம்பெனிகளும்தான் பேசிக்கொள்கின்றன. வெகு சில இணைப்புகள்தான் இரண்டாம் கட்டத்துக்குப் போகும். அங்கே போனால்தான் விவரங்களைப் பொதுமக்களுக்கு வெளியிட்டு, பாதிக்கப்படுகிறவர்கள் எழுத்தில் ஆட்சேபம் சொல்ல இடம் கொடுப்பார்கள். அப்படி முதலில் போனது 2014-இல் சன் பார்மா, ரன்பாக்ஸி இணைப்பு. அமேசானின் கூப்பன் முதலீடு முதல் கட்டத்திலேயே முடிந்துவிட்டது.

இன்னொரு இணைப்பு ஆணையத்தின் மேசைக்கே வரவில்லை. 2014 பிப்ரவரியில் ஃபேஸ்புக் வாட்ஸ்அப்பை 1,900 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. வாட்ஸ்அப்புக்கு இந்தியா எவ்வளவு முக்கியம் என்று குடும்பக் குழுக்களில் இருக்கிற எல்லாருக்கும் தெரியும். ஆனால் அன்றைய விதி, வாங்கப்படும் கம்பெனிக்கு இந்தியாவில் 250 கோடி ரூபாய்க்கு மேல் சொத்தும் 750 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதலும் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தது. வாட்ஸ்அப்புக்கு இங்கே சொத்தும் இல்லை, சொல்லிக்கொள்ளும்படி வருமானமும் இல்லை. இருந்தது நாம்தான், நம் தொலைபேசி எண்கள்தான். அவற்றைக் கணக்கெடுக்க அந்தச் சட்டத்தில் இடமில்லை. ஐரோப்பா விசாரித்து அனுமதித்தது. பிறகு தவறான தகவல் கொடுத்தார்கள் என்று தெரிந்து 2017-இல் 11 கோடி யூரோ அபராதம் போட்டது. இங்கே 2021-இல் வாட்ஸ்அப் தன் கொள்கையை மாற்றி, ஒப்புக்கொள் அல்லது வெளியே போ என்று சொன்ன பிறகுதான் ஆணையம் தானாக விசாரணையைக் கையில் எடுத்தது. 2024 நவம்பர் 18 அன்று மெட்டாவுக்கு (ஃபேஸ்புக் கம்பெனியின் இன்றைய பெயர்) 213.14 கோடி ரூபாய் அபராதம். விளம்பரத்துக்காகத் தரவுகளை ஐந்து ஆண்டு பகிரக் கூடாது என்றும் உத்தரவு. ஓராண்டு கழித்து மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை வைத்துக்கொண்டு ஐந்தாண்டுத் தடையை நீக்கிவிட்டது. இணைந்து பத்து வருடம் ஆன இரண்டு கம்பெனிகளுக்கு நடுவில் சுவர் எழுப்புவது எவ்வளவு கஷ்டம் என்று இதிலிருந்தே தெரிகிறது.

அந்த ஓட்டையை இப்போது அடைத்திருக்கிறார்கள். 2023 திருத்தச் சட்டத்தின்படி, 2024 செப்டம்பர் 10 முதல், பேரத்தின் மதிப்பு 2,000 கோடி ரூபாயைத் தாண்டி, வாங்கப்படும் கம்பெனிக்கு இந்தியாவில் கணிசமான தொழில் இருந்தால் ஆணையத்திடம் வந்தாக வேண்டும். டிஜிட்டல் சேவை என்றால், உலகத்தில் உள்ள அதன் பயனர்களில் பத்து சதவீதம் இந்தியாவில் இருந்தாலே போதும், கணிசமான தொழில் என்று எடுத்துக்கொள்ளப்படும். சொத்தை மட்டும் பார்த்த சட்டம் மனிதர்களையும் எண்ணத் தொடங்கியிருக்கிறது. நம் நாட்டில் சமீபத்தில் வந்த நல்ல சீர்திருத்தங்களில் இதை ஒன்றாகச் சொல்வேன்.

அதே திருத்தத்தில் இன்னொன்றும் செய்தார்கள். அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. மொத்த ஆய்வுக் காலத்தை 210 நாளிலிருந்து 150 நாளாகக் குறைத்தார்கள். அதற்கு ஒரு நியாயம் உண்டு. ஆன்லைன் பணப் பட்டுவாடா கம்பெனியான பேயூ, அதே தொழிலில் உள்ள பில்டெஸ்க்கை 470 கோடி டாலருக்கு வாங்கும் பேரம் ஒரு வருடத்துக்கு மேல் இழுத்தடித்து, 2022 செப்டம்பரில் ஒப்புதல் வந்தும் அடுத்த மாதமே முறிந்துபோனது. தாமதம் தொழிலைக் கெடுக்கும் என்பதை ஏற்கிறேன். ஆனால் பொதுமக்கள் ஆட்சேபம் சொல்ல முன்பு பதினைந்து வேலைநாள் இருந்தது. அதையும் பத்து நாளாக்கிவிட்டார்கள். வக்கீல் படையோடு மாதக்கணக்கில் தயாராகி வரும் கம்பெனிக்கு எதிராக, சாந்தினி சௌக்கிலோ சௌகார்பேட்டையிலோ கடை வைத்திருப்பவர் பத்து நாளில் என்ன எழுதிவிட முடியும்?

முடிவு வெளிவரும் விதத்தையும் சொல்ல வேண்டும். 2024 ஆகஸ்ட் 28 அன்று ரிலையன்ஸ், டிஸ்னி இணைப்புக்கு ஒப்புதல் என்று ஆணையம் சமூக ஊடகத்தில் ஒரே ஒரு வரி போட்டது. 70,000 கோடி ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள இணைப்பு. நம் வீட்டு டிவியில் கிரிக்கெட்டை யார் காட்டுவது, எந்த விலைக்குக் காட்டுவது என்று முடிவு செய்யும் இணைப்பு. ஏழு சேனல்களை விற்பது, கிரிக்கெட் விளம்பரங்களில் டிவியையும் ஓடிடியையும் ஒன்றாகக் கட்டி விற்காமல் இருப்பது என்று கம்பெனிகள் கொடுத்த வாக்குறுதிகள் விரிவான உத்தரவு வந்த பிறகுதான் மக்களுக்குத் தெளிவாகத் தெரிந்தன. வாக்குறுதிகள் நல்லவையாகவே இருக்கட்டும். ஒப்புதல் கொடுக்கிற அன்றைக்கே காரணமும் வெளிவர வேண்டும்.

எல்லா இணைப்பையும் தடுக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. முதல் கட்டத்திலேயே, சந்தையில் இருப்பவர்களை, சரக்குப் போடுகிறவர்களை, வேலை பார்க்கிறவர்களைக் கூப்பிட்டுக் கேட்பதைக் கட்டாயமாக்க வேண்டும். ஆணையம் தன் இணையதளத்தில் போடும் விண்ணப்பச் சுருக்கங்கள் தமிழிலும் மற்ற மொழிகளிலும் வர வேண்டும். இப்போது வக்கீலுக்கு வக்கீல் எழுதும் ஆங்கிலத்தில் இருக்கின்றன.

அது வரும்வரை, சங்கம் வைத்திருப்பவர்கள் ஒன்று செய்யலாம். கோயம்பேட்டிலும் கரோல் பாக்கிலும் திருப்பூரிலும் இருக்கும் சங்கங்களில் ஆங்கிலம் படிக்கும் ஒரு பிள்ளையை வாரம் ஒருமுறை அந்தப் பக்கத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் தொழிலைத் தொடும் இணைப்பு ஏதாவது தெரிந்தால், பொது அறிவிப்பு வரட்டும் என்று காத்திருக்காமல் ஆணையத்துக்கு எழுதிவிடுங்கள். நீளமாக வேண்டாம். உங்கள் சரக்கில் எவ்வளவு பங்கை அந்த இரண்டு கம்பெனிகளும் வாங்குகின்றன, அவை ஒன்றானால் நீங்கள் வேறு யாரிடம் போக முடியும், இன்றைக்கு உங்களுக்குக் கிடைக்கும் விலை என்ன, பணம் எத்தனை நாளில் வருகிறது. இவ்வளவையும் பில் நகலோடு வைத்து அனுப்புங்கள்.